பதினாறாம் தேதிக் கெடு

லேப்டாப்பை மூடி வைப்பதும் அணைத்து வைப்பதும் ஒன்றுதான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில்லை. மூடி வைத்தால் அது தூங்கும், அவ்வளவுதான். அதற்குள் போக வேண்டிய அப்டேட் எல்லாம் அப்படியே காத்துக் கிடக்கும். உங்கள் மேசையில் இருப்பதையும் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. ரீஸ்டார்ட் கேட்கிறது. நான் இதை எழுதி முடிப்பதற்குள் ஒரு தடவை அணைத்துப் போட்டுவிடுங்கள். பிறகு மறந்துபோகும்.

நீங்கள் கேட்டு நான் சொன்னால் முன்னுக்குப் பின் ஆகிவிடும் என்றுதான் பேப்பர் கேட்டேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் திருப்தி.

என் பெயர் ஸ்டெல்லாமேரி. பிறந்தது நெல்லித்தோப்பு, வாழ்க்கைப்பட்டது அரியாங்குப்பம். முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டு மாடியில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டு மாடியில், எங்கள் கம்பெனி இருக்கிறது. கீழே அந்தப் பெரியவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு குடியிருக்கிறார். நாங்கள் ஸ்கேன் எடுப்பதில்லை. சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற படங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். எங்கள் டாக்டர்கள் அவரவர் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் அதைப் பார்த்து, என்ன கோளாறு என்று எழுதி அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் அங்கே மேற்கொண்டு வைத்தியம் நடக்கும்.

ஒரு தடவை டாக்டர் ஒருவரின் லேப்டாப் வழியாக வைரஸ் புகுந்து கம்பெனியே முடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் கொண்டுவந்ததுதான் இந்தச் சோதனை. எந்த லேப்டாப்பும் எங்கள் நெட்வொர்க்குக்குள் வருவதற்கு முன்னால் அதன் உடல்நிலையைப் பார்ப்போம். அப்டேட் போட்டிருக்கிறதா, வைரஸ் தடுப்பு ஓடுகிறதா, திருடு போனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறதா என்று. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. ஒன்று குறைந்தாலும் திரை சிவப்பாகிவிடும், படம் திறக்காது. அவசரம் என்றால் நான் ஒரு பட்டனைத் தட்டி அன்றைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். எங்கள் முதலாளி கலியபெருமாள் நல்ல மனிதர். சோதனை ஆரம்பித்த அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உசுரு போற கேஸுன்னா என்னக் கேட்டுக்கினு நிக்காதீங்க ஸ்டெல்லாம்மா. தொறந்து வுட்டுட்டு அப்புறமா சொல்லுங்க."

எல்லா டாக்டர்களும் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ராஜ்கமல் டாக்டர் மட்டும் பழகவில்லை. படம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஆனால் அப்டேட் வந்தால் 'பிறகு' என்பதை அழுத்துவார். நாளைக்கும் 'பிறகு'. கேட்டால் சிரிப்பார். ஒரு நாள் மீட்டிங்கில் எல்லாரும் இருக்கும்போது நான் அவர் பெயரைச் சொல்லி இதைக் குறிப்பிட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"எங்க வீட்ல கேட்டு பக்கத்துல ஒரு வாட்ச்மேன் ஒக்காந்திருப்பார். அவரும் இப்பிடித்தான். என்னையே நிறுத்தி ஐடி கார்டு கேப்பார். அவரு வேலைய அவரு செய்யறாரு, பாவம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கொண்டுவந்த பெண் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து சட்டென்று நிறுத்திக்கொண்டாள், அதுதான் கொஞ்சம் உறுத்தியது. மற்றபடி நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

என் வீட்டுக்காரர் ஜோசப் ஆனந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பவர். எதையும் பூட்டத் தெரியாத மனிதர். ஸ்கூட்டரில் சாவி தொங்கும், கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். "யாருடி வந்து எடுத்துக்கினு போவப் போறான்?" என்பார். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிற என்னை இப்படி ஒருவருக்குக் கட்டி வைத்தார்களே என்று ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொள்வேன். குழம்பில் இருக்கிற பெரிய மீன் துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, தனக்கு முள் பிடிக்கும் என்று பொய் சொல்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

போன ஆகஸ்டில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. பதினாறாம் தேதிக்குள் எல்லாரும் போட்டாக வேண்டும், போடாத லேப்டாப் பதினேழாம் தேதி காலையிலிருந்து உள்ளே வராது என்று கெடு. ராஜ்கமல் டாக்டர் போடவில்லை.

பதினேழாம் தேதி ஜோசப் ஸ்கூட்டரில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஒரு வேன் உரசிக் கீழே விழுந்தார். தலையில் அடி. ரத்தம் அதிகம் இல்லை. தானே எழுந்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போயிருக்கிறார். நர்ஸிடம் அவர்கள் ஃபிரிட்ஜ் ஏன் சத்தம் போடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். ஸ்கேன் எடுத்தார்கள். படம் எங்கள் கம்பெனிக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரிப் படங்கள் ராஜ்கமல் டாக்டரின் பொறுப்பு. அவர் லேப்டாப் சிவப்பு.

ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாரே, ரிப்போர்ட் வரட்டும் என்று அங்கே காத்திருந்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அப்டேட் இறங்கி முடிந்து டாக்டர் படத்தைத் திறந்தபோது, ஜோசப்புக்குப் பேச்சு குழறி, நினைவு தப்பிவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் முடிந்துவிட்டது. எனக்கு போன் வந்தபோது நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வருகிற திரையில் நோயாளி பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். காலையிலிருந்து காத்திருக்கிறது என்று அந்த நம்பர் என் கண் முன்னால்தான் இருந்தது.

கலியபெருமாள் டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். டாக்டர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "அப்டேட் போடல சார். என் தப்புதான்." அவர் வாயாலேயே வந்தது. நான் யார் மீதும் இட்டுக்கட்டவில்லை.

அடக்கத்துக்கும் வந்தார். கையில் மாலையை வைத்துக்கொண்டு கல்லறை வாசலில் தயங்கி நின்றார். எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து, "இன்னும் ஒரு தடவ கேட்டிருக்கணும் ஸ்டெல்லா. வுட்டுட்டேன்" என்றார். யாரை, என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த ஆள் வருத்தப்பட்டுவிட்டு, குளித்துவிட்டு, நாளைக்கு வேலைக்குப் போவார். அது போதாது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்றுவரை இம்மியும் குறையவில்லை. சத்தம் போடுகிற கோபமாக இருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

கல்லறைத் திருநாளன்று ஜோசப்புக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நேராக நெல்லித்தோப்பில் டாக்டர் வீட்டுக்குப் போனேன். என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவர் இல்லை. அவர் அம்மா அமுதவல்லி இருந்தார்கள். விஷயம் தெரியும் போலிருக்கிறது. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தார்கள்.

"சின்ன வயசுல இப்பிடி ஆயிடுச்சே கண்ணு. எம் புள்ள ரெண்டு நாளு சாப்புடவே இல்ல, தெரியுமா?"

தெரியாது என்றேன். அந்த அம்மாவுக்கு இருதயக் கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். அடிக்கடி தலை சுற்றும். போன மாதம் கூட பாத்ரூமில் விழுந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எது என்றாலும் தெரு முனை ஆஸ்பத்திரிதான், எந்தப் படமானாலும் மகன்தான் பார்ப்பான், வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டான் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியும் எங்கள் கம்பெனிக்குப் படம் அனுப்புவதுதான். காபி நன்றாக இருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அடிக்கடி போனேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். வழுக்காமல் இருக்க பாத்ரூமில் ரப்பர் விரிப்புப் போடச் சொன்னேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்த அம்மா விழ வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை.

நான் செய்தது இரண்டே காரியம். என் திரையில் வராவிட்டாலும் பெயர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும், அதனால் அந்த அம்மாவின் பெயரில் ஸ்கேன் பதிவானால் என் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வைத்தேன். டாக்டரின் லேப்டாப்புக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதி வைத்தேன். எழுதித்தான் வைத்தேன், ஓட விடவில்லை. அதில் நான் கேட்ட அப்டேட்டின் நம்பர், மென்பொருள் விற்கிறவன் இன்னும் வெளியிடவே செய்யாத நம்பர். ஓட விட்டால் அந்த லேப்டாப் என்ன செய்தாலும் பச்சையாகாது. அவர் அப்டேட் இருக்கிறதா என்று தேடுவார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்லும். உள்ளே வரப் பார்ப்பார், சிவப்பு விழும்.

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. நெஞ்சு படம், சளிக்காக. நான் ஒன்றும் செய்யவில்லை. சளிதான் என்று ரிப்போர்ட் வந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. பிப்ரவரியில் விழுந்தார்கள், தலைக்குத்தான் ஸ்கேன். ஆனால் டாக்டர் ஊரில் இருந்தார். லேப்டாப் திறக்காவிட்டால் நடந்தே போய் ஆஸ்பத்திரித் திரையில் பார்த்துவிடுவார். அதனால் விட்டுவிட்டேன். எனக்கு அவசரமே இல்லை. ஜோசப் போன பிறகு என் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ரொம்பக் குறைந்துவிட்டது.

குருத்து ஞாயிறன்று செய்தி வந்தது, மறுபடியும் தலைக்கு ஸ்கேன். நான் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு பவனியில் போய்க்கொண்டிருந்தேன். டாக்டர் அன்று காரைக்காலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஞாயிறு காலை அவர் ஒருவருக்குத்தான் டியூட்டி, அதனால் லேப்டாப்பைக் கூடவே கொண்டுபோகிறேன் என்று முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் துணையாக வேலைக்காரப் பெண் சின்னப்பொண்ணு. அவள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். பவனியிலிருந்து ஓரமாக ஒதுங்கி, போனிலேயே அந்த விதியை ஓட விட்டேன். பிறகு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

பிரசங்கத்தின்போது அவர் கூப்பிட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

"ஸ்டெல்லா, லேப்டாப் செவப்பு காட்டுது. எல்லா அப்டேட்டும் போட்டுத்தான் இருக்கு. ஒரு தடவ தொறந்து வுடுங்க. எங்க அம்மா ஸ்கேன்."

"அப்டேட் போட்டுட்டு வாங்க டாக்டர். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மேளச் சத்தம் கேட்டது. கல்யாண மண்டபத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க, ஸ்டெல்லா."

நான் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஸ்கேன் எடுக்கிற பையனிடம் சொல்லி, திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். போனில் எடுத்த படத்தில் திரையின் வெளிச்சமும் கோடுகளும்தான் இருக்கும். மண்டை ஓட்டை ஒட்டி மெல்லிசாகப் படர்ந்திருக்கிற ரத்தம் அதில் தெரியாது. ஆனால் ராஜ்கமல் டாக்டர் ஒரு பார்வையில் சொல்கிறவர். தன் கண்ணை நம்புகிறவர். பார்த்தார். ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அவரே சொன்னார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எங்களிடம் இருக்கிற இன்னொரு டாக்டர் ஹேமலதா எங்கோ வெளியே போயிருந்தார், அவரைப் பிடித்து, வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தன் லேப்டாப்பில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர் லேப்டாப் பச்சை. அவர் படத்தைத் திறந்ததுமே ரத்தம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அதற்குள் சின்னப்பொண்ணு அந்த அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, கஞ்சி கொடுத்து, மாத்திரையும் கொடுத்து, படுக்க வைத்திருந்தாள். எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

டாக்டர் காரைக்காலிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் சாவு வீட்டுக்குப் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். யாரையும் குறை சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "நாந்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு எனக்கு இதமாக இருந்தது. ஜோசப் போன பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த விதியை நான் அழித்திருக்கலாம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகும், அதையும் அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. வேலையில் நான் தில்லுமுல்லு செய்ததில்லை. கலியபெருமாள் அதைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தார். அழுதுகொண்டே வந்திருப்பார், இளகின மனசு.

ஆக, அமுதவல்லி அம்மாவின் உயிர் போனதற்கு நான் காரணம். அந்தப் படத்தைத் திறக்க விடாமல் செய்தது நான். தெரிந்தே செய்தேன். அந்த அம்மா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இப்போதும் அந்தக் காபியை நினைத்துக்கொள்கிறேன். வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பதினாறாம் தேதி என்று கெடு வைத்தது யார் என்பது ஒன்று. நான்தான். மென்பொருள் விற்கிற சென்னைக் கம்பெனியின் அறிவிப்பில் அந்தத் தேதி போட்டிருந்தது, அப்படியே எடுத்து வைத்தேன். சென்னையில் அது வேலை நாள். நம் ஊரில் பதினைந்தும் லீவு, பதினாறும் லீவு. பதினாறு, பிரெஞ்சுக்காரன் சட்டப்படி இந்த ஊரை ஒப்படைத்த நாள் என்று கொடியேற்றுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை. எல்லாரும் அந்த இரண்டு நாளும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார்கள். பதினேழாம் தேதி காலையில் ராஜ்கமல் டாக்டருடையது மட்டும் சிவப்பில்லை, எல்லா லேப்டாப்பும் சிவப்பு.

அன்று அவர் என்னைக் கூப்பிட்டாரா என்பது இரண்டாவது. கூப்பிட்டார். தலையில் அடிபட்ட கேஸ் ஒன்று காத்திருக்கிறது, விலக்குக் கொடுங்கள் என்றார். அப்டேட் போட்டுட்டு வாங்க டாக்டர், நானும் கேட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கறவதான், என் வேலைய நான் செய்யறேன் என்றேன். கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் மறுபடி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவரே கல்லறையில் ஒப்புக்கொண்டார், மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அன்று காலையில் கூப்பிட்ட மற்ற டாக்டர்கள் எல்லாருக்கும் உடனுக்குடன் திறந்துவிட்டேன். ஒருவரையும் காக்க வைக்கவில்லை. அதனால் ஜோசப்பைக் கொன்றது ராஜ்கமல் டாக்டர்தான் என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்து, கீழே கையெழுத்துப் போடுகிறேன்.